மிட்-செஞ்சுரி மாடர்ன் பாணியில் முதல் குவில்ட்: ஒரே கட்டம், நாலு நிறம், நிறைய வெற்றிடம்

குவில்ட், அதாவது துணித்துண்டுகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கப் பழகுகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே நட்சத்திரம், சின்னச் சின்ன முக்கோணம், பத்துப் பதினைந்து வகை அச்சுத்துணி என்று இறங்கிவிடுகிறார்கள்; மூலைகள் ஒன்றோடொன்று சேராமல் போனதும் பாதியில் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். முதல் குவில்ட்டுக்கு என்னைக் கேட்டால் மிட்-செஞ்சுரி மாடர்ன் பாணியைத்தான் சொல்வேன். நேர்கோடு, பெரிய வடிவம், நாலைந்து நிறம், மீதியெல்லாம் வெற்றிடம். வெட்டுவதும் குறைவு, தைப்பதும் குறைவு. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பிசகை மறைக்க இதில் பூப்போட்ட துணி கிடையாது, ஒரு கோடு கோணினால் பளிச்சென்று தெரியும். அதனால் நம் உழைப்பு முழுவதும் இரண்டே இடத்தில் போகிறது, அளவு சரியாக இருப்பதிலும் நிறத்தைக் கட்டுப்படுத்துவதிலும். அந்த இரண்டையும்தான் கீழே கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

பாணியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்த பிறகு 1960களின் கடைசிவரை வீடு, நாற்காலி, துணி, விளக்கு என்று எல்லாவற்றிலும் பரவிய பாணி இது. மூன்று பொருள்களின் படங்களைத் தேடிப் பார்த்தாலே போதும், மனதில் பிடிபட்டுவிடும். துணி வடிவமைப்பாளர் லூசியன் டே 1951-ல் லண்டன் ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன் கண்காட்சிக்காக உருவாக்கிய 'கேலிக்ஸ்' துணியில் மெல்லிய கோடுகளும் அவற்றின் நுனியில் கிண்ணம் போன்ற வடிவங்களும் இருக்கும். 1949-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜார்ஜ் நெல்சனின் அலுவலகத்திலிருந்து வந்த 'பால் க்ளாக்' (உருண்டைக் கடிகாரம்) என்ற சுவர்க் கடிகாரத்தில் எண்களே கிடையாது, பன்னிரண்டு கம்பிகள், அவற்றின் முனையில் பன்னிரண்டு உருண்டைகள், அவ்வளவுதான். வடிவமைப்பாளர் தம்பதி சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் அதே 1949-ல் கலிஃபோர்னியாவில் கட்டிமுடித்த வீட்டின் முகப்பைப் பாருங்கள்: கறுப்பு இரும்புச் சட்டங்கள், நடுநடுவே கண்ணாடி, வெள்ளைப் பலகைகள், அங்கங்கே மட்டும் ஒரு சிவப்பு, ஒரு நீலம்.

மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? மெல்லிய ஒரு கோடு, அதைச் சார்ந்து நிற்கும் கனமான ஒரு வடிவம், இரண்டையும் சுற்றித் தாராளமான வெற்று இடம். நம் குவில்ட்டுக்கு இந்த மூன்றையும்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். கிண்ண வடிவம், உருண்டை, பூமராங் வளைவு எல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வளைவைத் தைப்பது தனிப் பயிற்சி, அதை அடுத்த குவில்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன தைக்கப் போகிறோம்

முடிந்த அளவு 48 அங்குல அகலம், 60 அங்குல நீளம். சோபாவில் உட்கார்ந்து மடியில் போர்த்திக்கொள்ள ஏற்றது. 12 அங்குலச் சதுரக் கட்டங்கள், குறுக்கே 4, நெடுக்கே 5, மொத்தம் 20. இவற்றில் 8 வெறும் பின்னணித் துணி. மீதி 12-ல் மட்டும் வடிவம் வரும்.

வடிவக் கட்டம் பார்ப்பதற்குக் கம்பத்தில் ஏற்றிய கொடி போல இருக்கும். இடப்பக்கம் 3 அங்குலம் வெற்றிடம், அதை அடுத்து அரை அங்குல அகலத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கரும்கோடு, கோட்டை ஒட்டி 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட நிறச் செவ்வகம், செவ்வகத்துக்குக் கீழே 4 அங்குலம் வெற்றிடம், வலப்பக்கம் இரண்டரை அங்குலம் வெற்றிடம். எல்லாக் கட்டமும் இதே அளவுதான். ஆனால் கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கோடு வலப்பக்கம் போய்விடும், செவ்வகம் கீழே இறங்கிவிடும். ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தைத்து, அடுக்கும்போது மாற்றி மாற்றி வைப்பதால் குவில்ட்டில் ஒரு அசைவு கிடைக்கும், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

துணியும் நிறமும்

நடுத்தர கனமுள்ள, இழுபடாத பருத்தித் துணி. அச்சு வேண்டாம், வெற்று நிறம் மட்டும். இந்தக் கணக்கு 44 அங்குல அகலத் துணிக்கு; இரண்டு கரைகளையும் நீக்கினால் பயன்படுவது 42 அங்குலம்.

பின்னணிக்கு 2¼ மீட்டர். கோட்டுக்கும் ஓரப்பட்டிக்கும் சேர்த்து ஒரே கரும் நிறத்தில் 60 சென்டிமீட்டர். செவ்வகங்களுக்கு நாலு நிறம், ஒவ்வொன்றிலும் 25 சென்டிமீட்டர். அடித்துணி 3¼ மீட்டர். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங், 56-க்கு 68 அங்குலம். துவைத்துச் சுருங்குவதற்கும் ஓரம் நேர்செய்வதற்கும் சேர்த்துத்தான் இந்த அளவு.

நிறத்துக்கு வருவோம், இங்கேதான் அவசரப்படக் கூடாது. இந்தப் பாணி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கடுகு மஞ்சள், சுட்ட ஆரஞ்சு, ஆலிவ் பச்சை, மயில் நீலம். பின்னணிக்குக் க்ரீம், கோட்டுக்குக் கரிக்கறுப்பு. இந்த ஆறும் சேர்ந்தால் தவறே வராது, முதல் முறை இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மாற்ற விரும்பினால் ஒரு விதி: நாலு நிறத்தில் இரண்டு வெளிச்சமாக இருக்கட்டும், இரண்டு ஆழமாக இருக்கட்டும். நாலும் நடுத்தரமாக இருந்தால் தனித்தனியே எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்ந்ததும் மங்கிவிடும். துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள், எது ஆழம் எது வெளிச்சம் என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு நிறத்தையும் பின்னணித் துணியின் மேலேயே வைத்துப் பாருங்கள், தனியாகக் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் 1950-ல் தொடங்கி, சதுரத்துக்குள் சதுரமாகவே நூற்றுக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படங்கள் காட்டுவது இதைத்தான்: பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரே நிறம் வேறு வேறாகத் தெரியும். க்ரீம் மேல் தங்கமாகத் தெரியும் அதே கடுகு மஞ்சள் சாம்பல் மேல் வேறு மாதிரி இருக்கும்.

வெள்ளைவெளேரென்ற பின்னணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது நிறங்களைக் கடுமையாக்கிவிடும். கொஞ்சம் மஞ்சள் கலந்த க்ரீம் அல்லது வெளிர் சாம்பல் நல்லது.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டுவிடுங்கள். துவைக்காமல் தைத்தால் பிறகு சுருங்கி மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கமாக வரும்; பழங்கால குவில்ட்டுக்கு அது அழகு, இந்த நேர்கோட்டுப் பாணிக்குப் பொருந்தாது. பஞ்சும் அதிகம் சுருங்காத, தட்டையான வகையாக இருக்கட்டும்.

கருவிகள்

நேர்த்தையல் போடும் எந்தத் தையல் மிஷினும் போதும். ரோட்டரி கட்டர் (உருளும் வட்ட அலகால் துணி வெட்டும் கருவி), வெட்டும்போது அடியில் வைக்கும் மேட், 6-க்கு 24 அங்குல ஒளி ஊடுருவும் ஸ்கேல், இந்த மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கத்தரிக்கோலால் வெட்டவே முடியாதா என்றால் முடியும், ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நூலிழை விலகினாலும் அத்தனை இணைப்பையும் கடந்து வரும்போது அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெருகிவிடும். குண்டூசி, ஊக்கு, க்ரீம் நிறப் பருத்தி நூல், இஸ்திரிப்பெட்டி. துண்டுகளை இணைக்க 80 எண் ஊசி, மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும்போது 90 எண் ஊசி. வாக்கிங் ஃபுட் (அடுக்குகளைச் சேர்த்தே நகர்த்தும் மிஷின் பாகம்) கிடைத்தால் அந்த வேலை மிகவும் எளிதாகும்.

ரோட்டரி கட்டரை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடுங்கள். அதன் அலகு சவர பிளேடு அளவுக்குக் கூர்மை.

வெட்டுவது

துணியைக் கரையோடு கரை சேர்த்து மடித்து, முதலில் ஒரு ஓரத்தை மடிப்புக்குச் செங்குத்தாக நேர்செய்துகொள்ளுங்கள். இந்த முதல் வெட்டு கோணலானால் அடுத்து வருகிற எல்லாப் பட்டையும் மடிப்பில் வளைந்து வரும்.

பின்னணித் துணியில் துணியின் முழு அகலத்துக்கும் 12½ அங்குலப் பட்டைகள் ஐந்து வெட்டுங்கள். மூன்று பட்டைகளிலிருந்து 12½ அங்குலச் சதுரங்கள், பட்டைக்கு மூன்றாக ஒன்பது கிடைக்கும், நமக்கு எட்டு போதும். நாலாவது பட்டையை 3½ அங்குல அகலத் துண்டுகளாக்குங்கள்; பதினொன்று நிச்சயம் வரும், பன்னிரண்டாவதற்குத் துணி போதாவிட்டால் மிச்சமிருக்கும் ஒன்பதாவது சதுரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது பட்டையை 3 அங்குல அகலத்தில் 12 துண்டுகளாக்குங்கள். இனி 4½ அங்குலப் பட்டைகள் இரண்டு வெட்டி, அவற்றிலிருந்து 6½ அங்குல நீளத்தில் 12 துண்டுகள்.

நாலு நிறத் துணியிலும் 8½ அங்குலப் பட்டை ஒன்று வெட்டி, அதிலிருந்து 6½ அங்குல அகலத்தில் மூன்று மூன்று துண்டுகள்.

கரும் துணியில் 1¼ அங்குலப் பட்டைகள் நாலு, ஒவ்வொன்றையும் 12½ அங்குல நீளத்தில் மூன்றாக வெட்டினால் 12 கோடுகள். ஓரப்பட்டிக்கு 2½ அங்குலப் பட்டைகள் ஆறு, அதை மடித்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

அரை அங்குலக் கோட்டுக்கு ஒரு அங்குலம் போதுமே, ஏன் 1¼ என்று கேட்பீர்கள். தைத்த பிறகு சீவி நேர்செய்யத்தான் அந்தக் கால் அங்குலம்.

கால் அங்குலத்தைச் சோதித்துப் பாருங்கள்

எல்லா இணைப்பிலும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்கிறோம். மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரம் கால் அங்குலம்தான் என்று நம்பித் தொடங்காதீர்கள். மிச்சத் துணியில் 1½ அங்குல அகலத்தில் மூன்று துண்டுகள் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் தைத்து இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் நீங்கள் அதிகம் உள்ளே தைக்கிறீர்கள். ஊசியை ஓரத்தை நோக்கி ஒரு இம்மி நகர்த்துங்கள், அல்லது சரியான இடத்தில் மிஷின் தட்டின் மேல் ஒரு டேப்பை ஒட்டித் துணியின் ஓரத்தை அதோடு உரசியபடி ஓட்டுங்கள். சரியாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள், இதில் போகும் நேரம் வீணே இல்லை. தையல் நீளம் 2 முதல் 2.2 மில்லிமீட்டர்.

கட்டத்தைத் தைப்பது

முதலில் நடுப்பகுதி. நிறச் செவ்வகத்தின் 6½ அங்குலப் பக்கத்தையும் பின்னணித் துண்டின் 6½ அங்குலப் பக்கத்தையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துத் தையுங்கள். தையல் ஓரத்தை நிறத்துணிப் பக்கமாக மடக்கி இஸ்திரி போடுங்கள், க்ரீம் துணிக்குப் பின்னால் மடக்கினால் நிறம் நிழலாகத் தெரியும். இப்போது 6½-க்கு 12½ அங்குலத் துண்டு ஒன்று கையில் இருக்கும். பன்னிரண்டையும் இதேபோல் முடித்துவிடுங்கள், நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஊசிக்கடியில் விட்டுக்கொண்டே போகலாம்.

அடுத்தது கோடு. 3½ அங்குலப் பின்னணித் துண்டையும் கரும் துண்டையும் நீளவாக்கில் சேர்த்துத் தையுங்கள். தையல் ஓரத்தைக் கரும்பக்கமாக மடக்கி இஸ்திரி போடுங்கள். இப்போது ஸ்கேலின் முக்கால் அங்குலக் கோட்டைத் தையல் வரியின் மேல் சரியாக வைத்து, அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும் துணியைச் சீவிவிடுங்கள். இந்தப் புதிய ஓரத்தை நடுப்பகுதியின் இடப்பக்கத்தோடு கால் அங்குலத்தில் தைத்தால் வெளியே தெரிவது சரியாக அரை அங்குலம், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். முதல் தையலில் லேசாக வளைவு வந்திருந்தாலும் சீவும்போது தெரிந்துவிடும், அங்கேயே பிரித்துத் திருத்திக்கொள்ளலாம். இந்தத் தையலின் ஓரத்தையும் கரும்பக்கமாகவே மடக்குங்கள். இரண்டு பக்க ஓரமும் கோட்டுக்குள் போவதால் கோடு கொஞ்சம் புடைத்து நிற்கும், அது இந்த வடிவத்துக்கு நன்றாகவே இருக்கும்.

கடைசியாக வலப்பக்கம் 3 அங்குலப் பின்னணித் துண்டு. தைத்து, இஸ்திரி போட்டு, கட்டத்தை அளந்து 12½ அங்குலச் சதுரமாக இருக்கிறதா பாருங்கள். இஸ்திரிப்பெட்டியைத் தள்ளித் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்த்தால் துணி இழுபட்டுக் கோடு வில்லாகிவிடும்.

தரையில் பரப்பி அடுக்குங்கள்

இருபதையும் தரையில் பரப்புங்கள். வரிசைக்கு இத்தனை வெற்றுக் கட்டம் என்று சமமாகப் பிரிக்காதீர்கள், சதுரங்கப் பலகை மாதிரியும் வேண்டாம். மேலிருந்து கீழாக வரிசைக்கு 1, 2, 2, 1, 2 என்று வெற்றுக் கட்டங்கள் வைத்தால் எட்டு வந்துவிடும். அவை எந்த இடத்தில் நிற்கலாம் என்பது உங்கள் விருப்பம். ஏதாவது ஒரு இடத்தில் இரண்டு அல்லது மூன்று வடிவக் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே திசையில் இருக்கட்டும். அவற்றின் கோடுகள் இணைந்து 24 அல்லது 36 அங்குலத்துக்கு நீண்டு போகும். அந்த நீண்ட கோடுதான் குவில்ட்டுக்கு முதுகெலும்பு. மற்ற இடங்களில் கட்டத்தைத் தலைகீழாக்கிக் கோட்டை உடையுங்கள். ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பாருங்கள்.

வெற்றிடம் அதிகமாகத் தெரிகிறதே, இன்னும் நாலு செவ்வகம் சேர்க்கலாமா என்று இந்த இடத்தில் எல்லோருக்கும் கை பரபரக்கும். சேர்க்காதீர்கள். பிடித்துப்போன அடுக்கைப் படம் எடுத்துக்கொண்டு தைக்கத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு வரிசையிலும் நாலு கட்டங்களை இணையுங்கள். முதல் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம், இரண்டாவதில் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றி மடக்கி இஸ்திரி போட்டால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று தானாகப் பொருந்தும். நீண்ட கோடு கடக்கும் இடங்களில் கோட்டின் இரண்டு பக்கமும் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள், ஊசி அருகில் வரும்போது குண்டூசியை எடுத்துவிட வேண்டும்.

மூன்று அடுக்கையும் சேர்ப்பது

அடித்துணியை இரண்டாக வெட்டி, கரைகளை நீக்கி, அரை அங்குலம் விட்டுப் பக்கவாட்டில் இணைத்து, தையல் ஓரத்தை விரித்து இஸ்திரி போட்டு, 56-க்கு 68 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். கட்டங்களை இணைத்துத் தைத்த மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் சுமார் 4 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும்.

அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கமில்லாமல், ஆனால் விறைப்பாக இழுக்காமல் ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். மேலே பஞ்சு, அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே கையால் தடவிக்கொண்டே போய், நாலு அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்குப் போடுங்கள். கரும்கோட்டின் மேல் மட்டும் ஊக்கு வேண்டாம்.

தையல் வரிகளும் இந்தப் பாணியைச் சேர்ந்ததாகவே இருக்கட்டும்: மேலிருந்து கீழே நேர்வரிகள், இடைவெளி ஒரு அங்குலத்திலிருந்து இரண்டரை அங்குலம்வரை மாறி மாறி. எல்லாம் ஒரே இடைவெளி என்றால் ஒரு வரி பிசகினாலும் தெரியும். மாறி மாறி வைத்தால் அந்தக் கவலை இல்லை, பார்க்கவும் உயிரோட்டமாக இருக்கும். பஞ்சின் உறையில் தையல் வரிகளுக்கிடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். முதல் வரியை நடுவில், இரண்டாவது மூன்றாவது நெடுவரிசைகளுக்கு இடையிலுள்ள இணைப்பின் மேலேயே போடுங்கள். பிறகு வலப்பக்கம் முழுக்க முடித்துவிட்டு இடப்பக்கம் வாருங்கள். எல்லா வரியையும் ஒரே முனையிலிருந்து தொடங்க வேண்டும். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று தைத்தால் இரண்டுக்கும் நடுவில் துணி சாய்ந்து அலையாக நிற்கும். தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். மிஷினுக்குள் போகும் பக்கத்தை இறுக்கமாகச் சுருட்டிக்கொள்ளுங்கள், வெளியே தொங்கும் கனத்தை மேசையோ நாற்காலியோ தாங்கட்டும். வாக்கிங் ஃபுட் இல்லையென்றால் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாகத் தையுங்கள், அல்லது கொஞ்சம் கனமான நூலில் கையாலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் இந்த வடிவத்துக்குக் கைத்தையல் ரொம்பப் பொருத்தம்.

ஓரப்பட்டி

நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியின் ஓரத்தோடு ஒட்டி நேராக வெட்டிவிடுங்கள், நாலு மூலையும் செங்கோணமாக இருக்கட்டும். தனியாக வைத்திருந்த ஆறு கரும் பட்டைகளை மூலைவாட்டத் தையலில் ஒன்றாக இணைத்து, நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போடுங்கள். தொடங்கும் முனையை 45 பாகையில் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள்.

குவில்ட்டின் முன்பக்கத்தில், ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, பட்டியின் திறந்த ஓரம் குவில்ட்டின் ஓரத்தோடு சேரும்படி வைத்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி, பின்தையல் போட்டு, நூலை அறுத்துவிடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால் 45 பாகையில் ஒரு மடிப்பு விழும்; அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டியை மறுபடி கீழ்நோக்கி அடுத்த பக்கத்தின் ஓரத்தோடு சேர்த்து, உச்சியிலிருந்து தையுங்கள். நாலு மூலையும் இப்படித்தான். கடைசி முனையை, தொடக்கத்தில் மடக்கிவைத்த முனைக்குள் செருகித் தைத்துவிடலாம். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, அங்கே தெரியும் தையல் வரி மறையும்படி ஹெம்மிங் போடுங்கள். மூலைகளில் மடிப்பு தானாக அழகாக விழும்.

முதல் சலவை குளிர்ந்த நீரில், தனியாக, மிதமான சோப்பில். க்ரீமும் கறுப்பும் அருகருகே இருப்பதால் நனைந்தபடி மடித்து வைக்க வேண்டாம், உடனே தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துங்கள்.